பழைய போனில் நெட் வரவில்லையா? குற்றவாளி போன் அல்ல!

"போன் பழசாகிவிட்டது சார், புதுசு வாங்கிடுங்க." பழைய ஸ்மார்ட்போனில் இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். வீட்டில் வை-ஃபை இருக்கிறது. திரையில் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. சிம் கார்டிலும் டேட்டா பேக் இருக்கிறது. இரண்டுக்கும் தவறாமல் பணம் கட்டுகிறோம். ஆனாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி, பக்கத்தில் ஒரு சிறிய கடிகாரப் படத்துடன் அப்படியே நிற்கிறது. வை-ஃபையை நிறுத்தினால் உடனே போய்விடுகிறது. மறுபடி ஆன் செய்தால் மறுபடி அதே தொல்லை.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் போனின் வயது காரணமில்லை என்பது என் கருத்து. வை-ஃபை வழியாகப் போவதா, மொபைல் டேட்டா வழியாகப் போவதா என்ற முடிவை நம்மைக் கேட்காமலே சாப்ட்வேர் எடுக்கிறது. எடுத்த முடிவை நமக்குத் தெளிவாகச் சொல்வதும் இல்லை. அதை மாற்றும் ஸ்விட்சை மூன்று மெனுக்களுக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் போன்கள் இதனால் மேஜை டிராயருக்குப் போகின்றன. வாங்கத் தேவையில்லாத புது போனுக்குக் குடும்பங்கள் தவணை கட்டுகின்றன.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். வசிப்பது சடையங்குப்பத்தில். 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஊராட்சிகளில் ஒன்று இது. மணலி மண்டலத்தில் வருகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் புது போன் வாங்கினால் பழைய போனைத் தூக்கிப் போடுவதில்லை. அப்பாவின் போன் அம்மாவுக்குப் போகும். அம்மாவின் போன் படிக்கும் பிள்ளைக்குப் போகும். அதற்கும் பிறகு பாட்டி வீடியோ பார்க்க வைத்துக்கொள்வார். ஐந்து, ஏழு, எட்டு வயதான போன்கள் எங்கள் தெருவில் சர்வ சாதாரணம். யார் போனில் நெட் நின்றாலும் "கம்ப்யூட்டர் படிச்ச தம்பிகிட்ட காட்டு" என்று என்னிடம் கொண்டுவந்துவிடுவார்கள். அப்படி என் கைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றை, ஒரு ரூபாய் செலவில்லாமல், செட்டிங்ஸ் மாற்றியே சரி செய்ய முடிகிறது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வை-ஃபை வேறு, இன்டர்நெட் வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையின் மேல் பகுதியில் தெரியும் வை-ஃபை கோடுகள், உங்கள் போனுக்கும் வீட்டில் உள்ள ரூட்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. ரூட்டருக்கு அப்பால் இன்டர்நெட் இருக்கிறதா, இல்லையா என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. வீட்டுக் குழாய் பளபளவென்று இருப்பதை வைத்து, தெரு மெயினில் தண்ணீர் வருகிறது என்று சொல்ல முடியாது அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் இருந்த வீடுகளில் ரூட்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தெருவில் ஃபைபர் அறுந்திருக்கும். அல்லது கேபிள்காரர் வைத்திருக்கும் பெட்டியில் கரண்ட் இருக்காது. போனுக்கோ ரூட்டர் தெரிகிறது. எனவே அது வை-ஃபையைப் பிடித்துக்கொண்டு விடாது. டவர் வேலை செய்யும் இடத்தில்கூட, சிம் கார்டில் இருக்கும் டேட்டா பயன்படாமல் சும்மா கிடக்கும். உறவினர்களுக்கு ஒரு வரி செய்தி அனுப்ப வேண்டிய நேரத்தில்தான் இது நடக்கிறது. புயல் வேண்டும் என்பதில்லை. சாதாரண நாளில் கேபிள்காரரின் இணைப்பு அரை மணி நேரம் போனாலும் இதே கதைதான்.

போன் எப்படி முடிவு செய்கிறது?

ஸ்மார்ட்போன்கள் எல்லாவற்றிலும் அடிப்படை விதி ஒன்றுதான். வை-ஃபை கிடைத்தால் அதற்கே முதலிடம். மொபைல் டேட்டாவுக்குக் காசு அதிகம், வை-ஃபை மலிவு என்ற எண்ணத்தில் ஏற்பட்ட விதி இது. ஆண்ட்ராய்ட் 4 வரிசை போன்களில் வை-ஃபை இணைந்தவுடன் மொபைல் டேட்டா இணைப்பு கழன்றுவிடும். ரூட்டருக்குப் பின்னால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போன் கவலைப்படாது.

2014-ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்ட் 5 லாலிபாப் பதிப்பில் இது மாறியது. வை-ஃபையில் இணைந்ததும் போன் ஒரு சிறு சோதனை செய்யும். கூகுளின் சர்வர் ஒன்றுக்கு ஒரு கோரிக்கையை அனுப்பும். அந்த சர்வர் 204 என்ற எண்ணை மட்டும் விடையாகத் தரும். 204 என்றால் "தகவல் எதுவும் இல்லை, ஆனால் உன் கோரிக்கை வந்து சேர்ந்தது" என்று பொருள். இந்த எண் வந்துவிட்டால் இன்டர்நெட் இருக்கிறது என்று போன் முடிவு செய்கிறது. வரவில்லை என்றால் வை-ஃபை ஐகானில் ஆச்சரியக்குறி போன்ற ஓர் அடையாளத்தைக் காட்டுகிறது. ஆப்பிள் போன்களும் தங்கள் சர்வர் ஒன்றுக்கு இதே போல ஆள் அனுப்பிப் பார்க்கின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, பழைய பதிப்புகளில் இந்தச் சோதனை முக்கியமாக இணையும் நேரத்தில்தான் நடக்கிறது. காலையில் இணைந்தபோது இன்டர்நெட் இருந்தது. மதியம் போய்விட்டது என்றால், போன் காலையில் எடுத்த முடிவிலேயே நீண்ட நேரம் இருந்துவிடும். இடையில் மீண்டும் மீண்டும் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பின்னால் வந்த பதிப்புகளில்தான் மேம்பட்டது.

இரண்டாவது ஓட்டைதான் என்னிடம் அதிகம் வருவது. "இந்த வை-ஃபையில் இன்டர்நெட் இல்லை. இணைப்பைத் தொடரட்டுமா?" என்று போன் ஆங்கிலத்தில் கேட்கும். கீழே "இந்த நெட்வொர்க்குக்கு இனிக் கேட்காதே" என்று ஒரு கட்டம் இருக்கும். பாட்டியோ, அவசரத்தில் இருக்கும் அம்மாவோ, அந்தப் பெட்டி போனால் போதும் என்று கட்டத்தில் டிக் செய்து, ஆமாம் என்று தட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டு வை-ஃபையில் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு முறை தட்டியது வருடக்கணக்கில் நிற்கிறது. அந்த முடிவைத் திரும்பப் பெறுவதற்கு அதே போன்ற பெட்டி ஒன்றை ஏன் காட்டுவதில்லை? புரியாத மொழியில் ஒரே ஒரு முறை கேட்டு, கிடைத்த பதிலை நிரந்தரமாக வைத்துக்கொள்வது நியாயமான டிசைன் என்று நான் நினைக்கவில்லை.

நடுவில் அறுந்து போகும் பணம்

வழி மாறினால் என்ன, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுமே என்று நினைக்கலாம். வீடியோ பார்ப்பவருக்கு அது சரி. பணம் அனுப்புபவருக்குச் சரியல்ல.

வை-ஃபையில் இருக்கும்போது உங்கள் போனுக்கு ஒரு ஐ.பி. முகவரி உள்ளது. மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது முகவரியும் மாறிவிடுகிறது. இன்டர்நெட்டில் பெரும்பாலான இணைப்புகள் டி.சி.பி. என்னும் முறையில் நடப்பவை. இந்த முறை முகவரியை வைத்துத்தான் ஒரு இணைப்பை அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் பழைய இணைப்பு செத்துப் போய்விடும். புதிதாகத் தொடங்க வேண்டும். வீடு மாறிய பிறகு பழைய வீட்டு முகவரிக்கு வரும் மணியார்டர் போல, வர வேண்டிய விடை உங்களிடம் வந்து சேராது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரே இணைப்பை இரண்டு வழிகளிலும் நடத்தும் மல்டிபாத் டி.சி.பி. முறையை 2013-ஆம் ஆண்டு ஐ.ஓ.எஸ். 7-இல் சிரி வசதிக்காக ஆப்பிள் பயன்படுத்தியது. முகவரி மாறினாலும் இணைப்பு தொடர வழி செய்யும் குவிக் என்னும் முறை 2021-ஆம் ஆண்டு இன்டர்நெட் தர நிர்ணயமாக வெளியானது. ஆனால் பழைய போன்களில் ஓடும் பல அப்ளிகேஷன்களுக்கு இந்தப் பலன் போய்ச் சேரவில்லை.

திருவொற்றியூரில் மீன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து டீக்கடையின் வை-ஃபையில் எப்போதோ இணைந்த போன், நீங்கள் பணம் அனுப்பும் நேரம் பார்த்து அதை மறுபடி பிடிக்கிறது. யு.பி.ஐ. கட்டளை வங்கிக்குப் போய்விட்டது. விடை மட்டும் வரவில்லை. திரையில் சக்கரம் சுற்றுகிறது. மீன் விற்கும் அக்கா, "தம்பி, காசு வரலையே" என்கிறார். பதற்றத்தில் இரண்டாம் முறை அனுப்பினால் இரண்டு முறையும் பணம் போய்விடும் வாய்ப்பு உண்டு.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். மறுபடி அனுப்பாமல், அந்தப் பரிமாற்றத்தின் நிலையை அப்ளிகேஷனின் ஹிஸ்டரி பகுதியில் பாருங்கள். கடையில் பேசும் ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதைக் கவனியுங்கள். அந்தப் பெட்டிகள் பொதுவாகத் தனி சிம் கார்டில் இயங்குகின்றன. எனவே உங்கள் போன் திணறினாலும், பணம் வந்தால் அது சொல்லிவிடும். உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேராத பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று கெடு நிர்ணயித்தது. ஒருவர் மற்றொருவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பும் பணம் என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதைத் தெரிந்து வைத்திருந்தால் கடையில் நின்று பதற வேண்டியதில்லை.

ஒரு போனுக்குள் இரண்டு ரேடியோக்கள்

இதுவரை சொன்னது சாப்ட்வேர் சண்டை. ரேடியோ அலைகளிலேயே நடக்கும் உண்மையான மோதலும் ஒன்று உண்டு. அது இந்தியாவில் கவனிக்க வேண்டிய ஒன்று.

பழைய போன்களில் வை-ஃபை இயங்குவது 2400 மெகா ஹெர்ட்ஸ் முதல் 2483.5 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில். இதைத்தான் 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்கிறோம். இதற்கு முட்டிக்கொண்டு கீழே இருப்பது 2300 முதல் 2400 வரை உள்ள பகுதி. 4ஜி-யில் இதற்கு பேண்ட் 40 என்று பெயர். 2010-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில் இந்த அலைவரிசை தமிழ்நாட்டில் இரண்டு நிறுவனங்களுக்குக் கிடைத்தது. ஒன்று, பின்னால் ஜியோவாக மாறிய இன்போடெல். மற்றொன்று நம் ஊரில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல். ஏர்செல் தன் பங்கை 2016-ஆம் ஆண்டு ஏர்டெல்லுக்கு விற்றது. எனவே நம் பகுதியில் 4ஜி பயன்படுத்தும் பலரது போன்கள் ஏதாவது ஒரு நேரத்தில் இந்த அலைவரிசையில் பேசுகின்றன.

போன் டவருக்கு அனுப்பும் சிக்னலின் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவில் இருக்கும். ரூட்டரிலிருந்து அதே போனுக்கு வந்து சேரும் வை-ஃபை சிக்னல் இதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பலவீனமானது. இரண்டு ரேடியோக்களும் ஒரே போனுக்குள், சில சென்டி மீட்டர் இடைவெளியில் உள்ளன. ஆடித் திருவிழா ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவர் காதில் கிசுகிசுப்பதைக் கேட்பது போன்ற நிலை இது. இரண்டையும் பிரிக்க நல்ல ஃபில்டர்கள் வேண்டும். விலை குறைந்த பழைய போன்களில் இது எல்லாவற்றிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. டவர் பயன்படுத்தும் பகுதி 2400-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் தொந்தரவு கூடும், குறையும்.

எப்போது தெரியும்? ஹாட்ஸ்பாட் போடும்போது. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பிள்ளை வேறொரு போனில் பாடம் பார்க்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு ஆன்லைன் வகுப்புகள் நடந்தபோது எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் படித்தார்கள். அந்த ஒரே போன் டவருடன் 2300 பகுதியிலும், பிள்ளையின் போனுடன் 2.4 பகுதியிலும் ஒரே நேரத்தில் பேச வேண்டியுள்ளது. வீடியோ திக்கித் திணறும். பேக் தீர்ந்துவிட்டது என்றோ, போன் சரியில்லை என்றோ நினைத்துக்கொள்வோம்.

இதற்கு எளிய மாற்று உண்டு. கம்ப்யூட்டருக்கு நெட் வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக யு.எஸ்.பி. கேபிளில் டெதரிங் செய்திடலாம். வை-ஃபை ரேடியோவே தேவைப்படாது. போனும் சார்ஜ் ஆகும். வீட்டு ரூட்டர் என்றால், அதன் செட்டிங்ஸில் 2.4 பகுதிக்கான சேனலை 1-இல் இருந்து 11-க்கு மாற்றிப் பாருங்கள். சேனல் 1-இன் நடுப்புள்ளி 2412 மெகா ஹெர்ட்ஸ். சேனல் 11-இன் நடுப்புள்ளி 2462. பேண்ட் 40-இல் இருந்து 50 மெகா ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடலாம்.

ஆப்பிள் எடுத்த எதிர் முடிவு

இதெல்லாம் விலை குறைந்த ஆண்ட்ராய்ட் போனின் பிரச்னை என்று ஐபோன் வைத்திருப்பவர்கள் நினைக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 9 வந்தபோது, ஆப்பிள் வை-ஃபை அசிஸ்ட் என்ற வசதியைச் சேர்த்தது. வை-ஃபை மோசமாக இருந்தால் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். கேட்பதற்கு நாம் விரும்பும் தீர்வு போலவே இருக்கிறது. ஆனால் அந்த வசதி ஏற்கெனவே ஆன் செய்யப்பட்டே வந்தது. வீட்டு வை-ஃபையில் இருக்கிறோம் என்று நம்பி வீடியோ பார்த்தவர்களின் மொபைல் டேட்டா கரைந்தது. அமெரிக்காவில் கூடுதல் பில் வந்ததாகச் சொல்லி, அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள்.

ஆண்ட்ராய்ட் வை-ஃபையை விடமாட்டேன் என்றது. ஆப்பிள் சொல்லாமல் விட்டுவிட்டது. இரண்டும் எதிர் எதிர் முடிவுகள். ஆனால் குறை ஒன்றுதான்: காசு கட்டுபவரைக் கேட்கவில்லை. எந்த வழி நல்லது என்பது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். தினமும் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருப்பவருக்கு ஒரு பதில். அளவில்லாத ஃபைபர் வைத்திருப்பவருக்கு வேறு பதில். அதை எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்ய முடியாது.

நீங்களே சரி செய்யலாம்

புது போன் பற்றி யோசிக்கும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். மொத்தம் கால் மணி நேரம் ஆகலாம். மெனு பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும்.

1. முதலில் நோயைக் கண்டுபிடிப்போம். வை-ஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் மட்டும் ஒரு இணையதளத்தைத் திறக்கவும். பிறகு மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு வை-ஃபையில் மட்டும் அதையே திறக்கவும். இரண்டும் தனித்தனியாக நன்றாக வேலை செய்து, இரண்டும் ஆன் ஆக இருக்கும்போது மட்டும் தகராறு என்றால், போன் நன்றாகத்தான் இருக்கிறது.

2. போனில் தேதி, நேரம் சரியாக உள்ளதா எனப் பார்க்கவும். பேட்டரி முழுதும் தீர்ந்த பழைய போன்களில் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விடுவதுண்டு. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. நெட் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

3. வை-ஃபை செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கின் பெயரை அழுத்திப் பிடித்து, ஃபர்கெட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு பாஸ்வேர்ட் கொடுத்துப் புதிதாக இணைக்கவும். "இனிக் கேட்காதே" என்று எப்போதோ தட்டிய முடிவு இதனால் அழிந்துவிடும். டீக்கடை, பஸ் நிலையம் என்று தேங்கிக் கிடக்கும் பழைய நெட்வொர்க்குகளையும் இப்படியே நீக்கிவிடுங்கள்.

4. ஆண்ட்ராய்ட் 4 வரிசை போன்களில் வை-ஃபை மெனுவில் அட்வான்ஸ்டு பகுதிக்குச் சென்றால், அவாய்ட் புவர் கனெக்ஷன்ஸ் என்ற வரி பல மாடல்களில் கிடைக்கும். சாம்சங் போன்களில் இதன் பெயர் ஸ்மார்ட் நெட்வொர்க் ஸ்விட்ச். வை-ஃபை மோசமானால் மொபைல் டேட்டாவுக்கு மாற விரும்பினால் இதை ஆன் செய்யவும். டேட்டா பேக் சிறியது என்றால் ஆஃப் செய்யவும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியின் கடைசிக்குச் சென்றால் வை-ஃபை அசிஸ்ட் இருக்கும்.

5. வழி மாற அதிக நேரம் எடுக்கிறதா? டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மொபைல் டேட்டா ஆல்வேஸ் ஆக்டிவ் என்ற வரி இருக்கிறதா எனப் பார்க்கவும். இந்தப் பகுதி தெரியாவிட்டால், அபவுட் போன் மெனுவில் பில்ட் நம்பர் என்பதை 7 முறை தட்டினால் தெரியும். இதை ஆன் செய்தால் வை-ஃபையில் இருக்கும்போதும் மொபைல் டேட்டா தயாராக நிற்கும். பேட்டரி சற்று கூடுதலாகச் செலவாகும். அந்தப் பகுதியில் வேறு எதையும் தொட வேண்டாம்.

6. வீட்டுக்குள் பேசும்போது குரல் அறுந்தால், அல்லது அழைப்புகள் வராமல் போனால், வை-ஃபை காலிங் ஆன் ஆகி இருக்கிறதா எனப் பார்க்கவும். இந்த வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தந்தன. டவர் சிக்னல் எட்டாத உள் அறைகளுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் வை-ஃபை தள்ளாடும் வீட்டில் அதுவே தொல்லை. ஷிப்ட் மாறியிருக்கிறது என்று கம்பெனியிலிருந்து வரும் அழைப்பு தவறினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

7. ரூட்டரில் 2.4 மற்றும் 5 கிகா ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், தனித்தனிப் பெயர் கொடுக்கவும். பழைய போனை 2.4-இல் இணைக்கவும். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்று இருந்தால் பல பழைய போன்கள் இணையவே இணையாது. டபிள்யூ.பி.ஏ. 2-ஐயும் அனுமதிக்க வேண்டும்.

8. எதிலும் சரியாகவில்லை என்றால் ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ் கொடுக்கலாம். சேமித்த வை-ஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழிந்துவிடும். போட்டோக்களும் போன் நம்பர்களும் அழியாது. பாஸ்வேர்டை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு இதைச் செய்யவும்.

ஓ.டி.பி. வரவில்லை என்று வை-ஃபையை நிறுத்தி நிறுத்திப் போடுபவர்களையும் பார்க்கிறேன். எஸ்.எம்.எஸ். வழியாக வரும் ஓ.டி.பி.க்கு டேட்டா பேக் தேவையில்லை. டவர் சிக்னலையும், சிம் வேலிடிட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

உண்மையிலேயே போன் பழசாகும்போது

எல்லாப் பழைய போனையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. 3ஜி மட்டும் உள்ள போன் என்றால் வழி குறைவு. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவில் 3ஜி எப்போதுமே கிடையாது. ஏர்டெல் 2019, 2020 ஆண்டுகளில் தன் 3ஜி சேவையைப் படிப்படியாக நிறுத்தியது. ஆண்ட்ராய்ட் 5-க்கு முந்தைய போன்களில் வாட்ஸ்அப் இயங்காது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்ட் பதிப்புகளில், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பயன்படுத்தும் இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை வரும். இவற்றை எந்த ஸ்விட்சும் சரி செய்யாது.

பாதுகாப்பு விஷயம் இதைவிட முக்கியம். கம்பெனியிலிருந்து செக்யூரிட்டி அப்டேட் வருவது நின்று பல வருடங்கள் ஆன போனில் வங்கி அப்ளிகேஷன் வைத்திருப்பது ஆபத்து. வீட்டில் உள்ளதில் புதிய போன் எதுவோ அதில் பணப் பரிமாற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள். பழையது பாடம் பார்க்க, பாட்டு கேட்க, வீடியோ காலில் பேச இருக்கட்டும்.

ஆனால் இவை ஒவ்வொன்றும் தெளிவான, பெயர் சொல்லக்கூடிய காரணங்கள். "பழசாகிவிட்டது" என்பது காரணம் அல்ல. ஐந்து நிமிடம் செலவழித்து மேலே சொன்ன முதல் சோதனையைக்கூடச் செய்யாமல் ஒரு குடும்பத்தை ஏழெட்டாயிரம் ரூபாய் செலவழிக்கச் சொல்லக் கூடாது. மணலியில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கு அது பல நாள் கூலி. அப்படிக் கழித்துக் கட்டப்படும் பொருள்கள் கடைசியில் எங்கே போகின்றன என்பதைக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் பக்கத்தில் வாழும் வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் கோரிக்கைகள்

போன் தயாரிப்பவர்களுக்கு: திரையை மேலிருந்து கீழே இழுத்தால், "இப்போது வை-ஃபை வழியாக" அல்லது "இப்போது சிம் வழியாக" என்று ஒரு வரி தமிழில் தெரியட்டும். அதைத் தட்டினால் வழி மாறட்டும். இன்டர்நெட் இல்லாத வை-ஃபைக்கு முழுக் கோடுகளைக் காட்டி நம்மை நம்ப வைக்க வேண்டாம். ஒரு முறை தட்டிய பதிலை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

என்னைப் போல அப்ளிகேஷன் எழுதும் நண்பர்களுக்கு: அலுவலகத்தின் அருமையான வை-ஃபையில் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். ரூட்டரை ஆன் செய்து வைத்துவிட்டு, அதன் பின்னால் வரும் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். பணம் அனுப்பும் பாதியில் வை-ஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற செய்தி யாருக்கும் உதவாது. "உங்கள் வை-ஃபையில் இன்டர்நெட் இல்லை, பணம் போனதா என்று உறுதியாகும் வரை மறுபடி அனுப்ப வேண்டாம்" என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் காசு தப்பும்.

சர்வீஸ் கடைக்காரர்களுக்கு: செட்டிங்ஸ் பார்த்துச் சரி செய்ய 50 ரூபாயோ 100 ரூபாயோ கேளுங்கள். மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். அடுத்த முறையும் உங்களிடமே வருவார்கள்.

வாசகர்களான உங்களுக்கு: இந்த மாதம் உங்கள் வீட்டு டிராயரில் தூங்கும் பழைய போனை எடுத்து சார்ஜ் செய்திடுங்கள். மேலே சொன்ன முதல் மூன்று படிகளை மட்டும் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் நெட் வரவில்லை என்றால் புது போன் பற்றிப் பேசலாம்.